நூறிலிருந்து ஏழு ஏழாக

இருந்தவர்கள்:

மாமா, முப்பத்தெட்டு வயது. குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்த்து, அதை விட்டவர்.
அக்கா மகள், பன்னிரண்டு. வீட்டில் எல்லோருக்கும் தீர்ப்பு சொல்வதால் ஜட்ஜ்.
அக்கா மகன், எட்டு. மூன்று வயதில் சட்டைப் பொத்தானை விழுங்கியதால் பட்டன்.
வழிகாட்டி, இந்த மலையில் பதினேழு வருடமாக இருப்பவர். பிள்ளைகளுக்குக் கைடக்கா.
குடில்காரர். உச்சிக்குக் கீழே உள்ள கடைசிக் குடிலின் அடுப்பு, ஆக்சிஜன் சிலிண்டர், சாவி மூன்றும் இவர் பொறுப்பு.

இல்லாதவர்கள்: அக்காவும் அத்தானும். அடிவாரத்து விடுதியில், போர்வைக்குள்.

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலில் உள்ள மாமா நான்தான். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே நான் நல்லவனாகிவிட்டேன். அழித்துவிட்டு 'மாமா' என்று போட்டேன். ஆள் உடனே பழைய நிலைக்கு வந்துவிட்டார்.

இந்தக் கதையை எழுதச் சொன்னது ஜட்ஜ். "நடந்தத அப்படியே எழுதுங்க மாமா. படிச்சுட்டு நான் சொல்றேன்" என்றாள். என்ன சொல்வாள் என்பதை அவள் சொல்லவில்லை.

எழுத உதவியாக என்னிடம் இருப்பது ஒரு பாக்கெட் நோட்டு. மலை மேல் எழுதிய ஒரு பக்கம் அதில் இருக்கிறது. முதல் வரி: 'மலை என்பது'. இரண்டாவது வரி: 'மலை என்பது'. மூன்றாவது வரியில் ஓர் ஆட்டின் படம். ஆட்டுக்கு ஐந்து கால்.

அந்த உயரத்தில் ஆடு கிடையாது.

2

தொடக்கம் ஒன்று: பனி மூடிய அந்தச் சிகரம் காலை வெயிலில் தங்கம் போலத் தக—

விட்டுவிட்டேன். முதல் இரண்டு நாளும் மேகம். மாமா பார்த்தது கைடக்காவின் ஷூவின் பின்பக்கத்தை மட்டும். அது தகதகக்கவில்லை.

தொடக்கம் இரண்டு: மனிதன் ஏன் மலை ஏறுகிறான்? ஆதி காலம் தொட்டு அவனுக்குள்

இதையும் விட்டாயிற்று. ஆதி காலமெல்லாம் வேண்டாம். இவர்கள் ஏறியது அத்தானுடைய கையெழுத்தைச் சரிபார்க்க.

உச்சியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் நோட்டு. ஏறியவர்கள் பெயரும் தேதியும் எழுதிவிட்டு இறங்குவார்கள்.* கல்யாணத்துக்கு முன்னால் தான் இந்த மலையில் ஏறிக் கையெழுத்துப் போட்டதாக அத்தான் சொல்லி வருகிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். குழாய் ரிப்பேர் செய்ய வந்தவரிடமும் சொன்னார். அவர் குழாயை ரிப்பேர் செய்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் ஜட்ஜ் கேட்டாள். "என்ன கலர் பேனாப்பா?"

"ஊதா" என்றார் அத்தான்.

ஒரு வாரம் கழித்து, அவர் ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது, மறுபடியும் கேட்டாள்.

"பச்சை."

வழக்கு பதிவானது. மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்ததும் அத்தானுக்கு முட்டி வலி வந்தது. இடது முட்டியா வலது முட்டியா என்பதில்கூட அவருக்கு ஒரு முடிவு இல்லை. அக்காவுக்கு ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். மிச்சம் இருந்தது மாமா.

வேலையை விட்டதிலிருந்து அக்கா தன் வீட்டுச் சாவியைக்கூட மாமாவிடம் கொடுத்தது கிடையாது. இப்போது பிள்ளைகளைக் கொடுத்தாள். பட்டனின் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டபடி, மாமாவைப் பார்க்காமல் சொன்னாள்:

"உச்சிக்குப் போறீங்களோ இல்லையோ, அது எனக்கு வேணாம். ரெண்டு பேரும் உன் கண்ணு முன்னாடியே இருக்கணும்டா. ஒரு நிமிஷம்கூட விடக்கூடாது."

"சரிக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

வாசகரே, இந்தச் சத்தியத்தைக் கையில் வைத்திருங்கள். மாமாவிடம் கொடுத்தால் எங்காவது தொலைத்துவிடுவார்.

(* நோட்டு நிரம்பினால் கீழே கொண்டுவர மாட்டார்கள். பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் புதியதை மேலே வைப்பார்கள். பழைய கையெழுத்தெல்லாம் பத்திரமாக இருக்கும். இதை ஜட்ஜ் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தாள்.)

3

கைடக்காவின் அறை. நீளமான மேசை, எடை பார்க்கும் மிஷின், சுவரோரம் வாடகை ஷூக்கள் சைஸ் வாரியாக. கைடக்கா ஆளுக்கு ஓர் அட்டை எடுத்து வைத்தார், கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தார்.

"மேல போனா மூளைக்குக் காத்து பத்தாது" என்றார். "பத்தலன்னு உங்களுக்குத் தெரியாது. சந்தோஷமா இருக்கும். சிரிப்பு வரும். அதான் பயமே. அதனால இங்க ஒரு டெஸ்ட், மேல அதே டெஸ்ட். நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வாங்க."

ஜட்ஜ் இருபத்திரண்டு வினாடியில் இரண்டு வரைக்கும் வந்து நின்றாள். பதினாலுக்குப் பதினாலு சரி.

பட்டனுக்கு வேறு டெஸ்ட். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

"ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன், புதன், செவ்வாய், ஸ்கூல்."

கைடக்கா சிரிக்கவில்லை. அட்டையில் 'ஸ்கூல்' என்றே எழுதிக்கொண்டார்.

இதற்கிடையில் மாமா ஜட்ஜிடம் குனிந்து, "எனக்கு ஏழு ஒத்துக்காதுடி" என்றார்.

(இந்த இடத்தில் மாமாவின் பாத்திரப் படைப்பில் எனக்கே சந்தேகம் வந்தது. முப்பத்தெட்டு வயது ஆள் பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்துக் காப்பி அடிப்பாரா? நம்பும்படி இருக்காது என்று வெட்டிவிடப் பார்த்தேன். ஆனால் மாமாவுக்கு முன்கதை ஒன்று உண்டு. குளிர்பதனக் கிடங்கில் மணிக்கொரு தடவை வெப்பமானியைப் பார்த்துக் கட்டத்தில் எண்ணை எழுத வேண்டும். அங்கே யாரும் வெப்பமானியைப் பார்ப்பதில்லை. முந்தைய கட்டத்தைப் பார்ப்பார்கள். மைனஸ் பதினெட்டு என்றால் மைனஸ் பதினெட்டு. ஒரு தடவை கம்ப்ரஸர் நின்றுபோனது. தாளில் ஆறு கட்டத்துக்கு மாமாவின் கையெழுத்தில் மைனஸ் பதினெட்டு. கிடங்குக்குள் நாற்பது டன் பட்டாணி கொளகொளவென்று கிடந்தது. அவர்கள் போகச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் முன்னால் மாமா தானாகவே போனார். ராஜினாமா என்று அதற்குப் பெயர். எனவே காப்பி அடிப்பார். வெட்டவில்லை.)

ஜட்ஜ் மாமாவை ஏற இறங்கப் பார்த்தாள். மாமாவைக் கைடக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் யாரும் போக முடியாது, வழக்கு தள்ளுபடி. பேனாவை எடுத்தாள். பட்டன் செவ்வாய்க்கு வருவதற்குள் தன் வலது உள்ளங்கையில் பதினாலு எண்களையும் ஊதா மையில் எழுதிவிட்டாள். மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து, கையை முழங்காலில் மல்லாக்க வைத்துக்கொண்டாள்.

மாமா நாற்பத்தோரு வினாடியில் முடித்தார். நம்பும்படி இருக்கட்டுமென்று நடுவில் இரண்டு தடவை இருமினார்.

"சூப்பர் சார்" என்றார் கைடக்கா. பதினாலுக்குப் பதினாலு.

4

மூன்றாவது நாள் காலை மேகத்துக்கு மேலே வந்துவிட்டார்கள்.

(இங்கே ஒரு வர்ணனை வர வேண்டும். கீழே வெள்ளையாக, பஞ்சு போல, இல்லை, பால் போல, இல்லை, அன்றைக்கு வெளுத்த படுக்கை விரிப்பைப் போல— எதுவும் சரிப்படவில்லை. மேகத்தை மேலிருந்து பார்த்தால் பிள்ளைகள் கத்துவார்கள். கத்தினார்கள்.)

வெயில் பல்லில் பட்டுக் கூசியது. காற்று காலியாக இருந்தது. பத்து அடிக்கு ஒரு தடவை நின்று, நாய் மாதிரி மூச்சு வாங்கி, ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்து, காரணமே இல்லாமல் பல்லைக் காட்டினார்கள். காலுக்குக் கீழே சரளைக்கல் ஒன்று உருண்டு போனதும் பட்டன் அதற்கு டாட்டா காட்டினான்.

பையில் ஒரு சிப்ஸ் பாக்கெட் இருந்தது. உயரம் ஏற ஏற அது உப்பிக்கொண்டே வந்தது. பட்டன் அதற்குப் பெரியப்பா என்று பெயர் வைத்திருந்தான். நிஜப் பெரியப்பா சட்டை போட்டால் நாலாவது பொத்தானில் இதே நிலைமைதான்.

"மாமா, பெரியப்பா மூச்சுப் புடிச்சிருக்காரு."

"ரொம்ப அமுக்காதடா."

"நான் அமுக்கல. அவரே—"

டப்.

கடைசிக் குடிலின் வாசலில் வைத்துப் பெரியப்பா வெடித்தார். சிப்ஸ் மழை. கைடக்காவின் குல்லாயில் ஒன்று செருகிக்கொண்டு நின்றது. பட்டன் காலிப் பாக்கெட்டை இரண்டு கையிலும் ஏந்தி நின்று, மிகவும் மரியாதையாகச் சொன்னான்:

"பெரியப்பா போயிட்டாரு."

அவ்வளவுதான். ஜட்ஜ் பாறையில் சரிந்து விழுந்து சிரித்தாள். கைடக்கா கம்பை ஊன்றிக்கொண்டு சிரித்தார். குடில்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச் சிரிக்காமல் நின்றார். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, விக்கலோடு சிரித்தார். பதினோரு வருடம் மைனஸ் பதினெட்டில் உறைந்து கிடந்த சிரிப்பெல்லாம் ஒரே—

(அந்த வாக்கியம் வேண்டாம். சிரித்தார், போதும்.)

ஒரு நிமிடத்தில் கைடக்கா நிறுத்திவிட்டார். ஜட்ஜ் நிறுத்தினாள். பட்டன் கீழே கிடந்த சிப்ஸைப் பொறுக்கித் தின்ன ஆரம்பித்தான். மாமா மட்டும் நிறுத்தவில்லை. மூன்று நிமிடம் ஆனது. நான்கு ஆனது.

கைடக்கா ஸ்டாப்வாட்சைக் கழற்றினார்.

5

"கிழமை சொல்லுப்பா" என்றார் பட்டனிடம்.

"ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன், புதன், செவ்வாய், ஸ்கூல்."

அட்டையைப் பார்த்தார். "கரெக்ட்."

ஜட்ஜுக்கு இருபத்தைந்து வினாடி. பதினாலுக்குப் பதினாலு.

"சார், நீங்க."

"நூறு" என்றார் மாமா, சிரிப்பை விழுங்கிக்கொண்டு. "தொண்ணூத்தி மூணு." அது நினைவில் இருந்தது. அடுத்ததற்குப் பழக்க தோஷத்தில் ஜட்ஜின் வலது கையைப் பார்த்தார்.

சிவப்புக் கம்பளிக் கையுறை.

"எண்பத்தி..." என்றார் மாமா. "எண்பத்தி... கம்பளி."

குபீரென்று மறுபடியும் சிரித்தார். இந்தத் தடவை அவர் மட்டும்தான்.

கைடக்கா அட்டையில் எழுதினார். கீழே பதினாலு. மேலே ஒன்று. "ஒருத்தர் நம்பர் பாதிக்கு மேல விழுந்தா எல்லாரும் கீழ. நானும் கூட வருவேன். இதுல பேச்சே கிடையாது. பைய எடுங்க."

உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தது. நாற்பது நிமிட நடை. தகரப் பெட்டியின் மூடி வெயிலில் ஒரு தடவை மின்னியது. (சத்தியமாக மின்னியது. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை.)

"எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றான் பட்டன். "நான் எல்லாம் சொல்லிட்டேனே."

ஜட்ஜ் பெட்டியைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பையின் வாரை இழுத்துக் கட்டினாள். அவள் மூக்கு நுனி சிவந்துவிட்டது. குளிரில் இல்லை.

இங்கே கதையை இரண்டு விதமாகக் கொண்டுபோகலாம். மாமா பேசாமல் இருந்துவிட்டால் நல்ல பெயரோடு இறங்கலாம். நோயாளியை யார் திட்டுவார்கள்? அக்காவிடம் கொடுத்த சத்தியமும் பிழைத்துக்கொள்ளும். பிள்ளைகள் கடைசி வரைக்கும் கண் முன்னாலேயே இருப்பார்கள். அப்படி ஒரு பக்கம் எழுதிக்கூடப் பார்த்தேன். ரொம்ப நன்றாக வந்தது. அதனால்தான் கிழித்தேன்.

6

"நான் காப்பி அடிச்சேன்" என்றார் மாமா.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நிறுத்த முடியவில்லை.

"என்ன சார்?"

"கீழ. பதினாலும் காப்பி." விக்கல். "எனக்குக் கழித்தலே வராது."

கைடக்கா பெருமூச்சு விட்டு அவர் தோளில் கை வைத்தார். "இதுவும் அறிகுறிதான் சார். மேல வந்தா நெறைய பேரு செய்யாத தப்பெல்லாம் ஒத்துக்குவாங்க. போன வருஷம் ஒருத்தர் ஏதோ பாலம் இடிஞ்சதுக்கு நான்தான் காரணம்னு அழுதாரு. அவரு பல் டாக்டர்."

மாமாவுக்கு இதற்கும் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொல்கிறார், ஒருவரும் நம்பவில்லை. கிடங்கில் ஆறு மணி நேரம் பொய் எழுதியபோது எல்லோரும் நம்பினார்கள்.

"இல்லம்மா, நிஜமா—"

"உக்காருங்க சார். ஷூ நாடாவ நான் கட்டறேன்."

அப்போது ஜட்ஜ் தன் வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள்.

மூன்று நாள் கழுவாத கை. மேலே தண்ணீர் குடிக்கத்தான், கழுவ இல்லை. உள்ளங்கையில் ஊதா எண்கள் கலைந்து, வேர்வையில் பரவி, இருந்தாலும் படிக்கிற மாதிரி வரிசையாக இருந்தன. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது...

"நான்தான் எழுதிக் காட்டினேன்" என்றாள். "தப்புதான். மாமா கேட்டாரு. நான் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."

தீர்ப்பைப் போலவே சொன்னாள், ஏற்ற இறக்கமில்லாமல்.

கைடக்கா அந்தக் கையைப் பிடித்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஏன் சார்? தப்பா சொல்லியிருந்தாலும் நான் அப்படியே எழுதியிருப்பேனே. இந்தப் பையன் ஸ்கூல்னான், எழுதினேன். மேலயும் ஸ்கூல்னான், பாஸ். எனக்கு உங்க கணக்கு வேணாம் சார். உங்க நம்பர்தான் வேணும்."

மாமா குனிந்து தன் ஷூ நாடாவைத் தானே கட்டிக்கொண்டார்.

"இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கைடக்கா அட்டையை இரண்டாகக் கிழித்தார். "கீழ எடுத்த நம்பர் பொய்யின்னா, மேல எடுத்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. உங்க நம்பர் விழுந்திருக்கலாம். பொறந்ததுலேர்ந்தே இப்படியாவும் இருக்கலாம்."

"பொறந்ததுலேர்ந்துதான்" என்றான் பட்டன், உதவியாக.

கைடக்கா வானத்தைப் பார்த்தார். குடில்காரரைப் பார்த்தார். "இவரு கொஞ்ச நேரம் இங்க ஆக்சிஜன் போட்டுட்டு உக்காரட்டும். சரியாகலன்னா நீங்க இறக்கிருங்க. பிள்ளைங்க ரெண்டும் தெளிவா இருக்கு. நான் கூட்டிட்டுப் போயிட்டு வந்துர்றேன். ஆனா சார் சம்மதிக்கணும்."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

வாசகரே, அந்தச் சத்தியம் உங்கள் கையில்தானே இருக்கிறது? ஒரு நிமிடம்கூட விடக்கூடாது.

"உங்கம்மாகிட்ட என்ன சொல்றது?" என்றார் மாமா.

"நான் சொல்றேன்" என்றாள் ஜட்ஜ்.

"என்னன்னு?"

"நடந்தத."

அதுதான் பயமாக இருந்தது. சாவிக்கொத்து இனி இந்த ஜென்மத்தில் கிடைக்காது. பிள்ளைகளும் இனிமேல் கிடைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் உட்கார வைத்துக் காட்டுவார்கள், அவ்வளவுதான். மாமா பெட்டியின் மூடியைப் பார்த்தார். ஜட்ஜின் மூக்கு நுனியைப் பார்த்தார்.

"போங்க" என்றார். "போய்ப் பாத்துட்டு வாங்க. ஓடாதீங்க. டேய் பட்டன், கைடக்கா கைய விட்ட, பெரியப்பா கதிதான் உனக்கு."

7

உச்சியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். இரண்டு பேரும் கன்னம் வெடிக்கச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கையெழுத்து இருந்ததா என்று கேட்டேன். "சொல்லக்கூடாதுன்னு சத்தியம்" என்றான் பட்டன். அவன் சத்தியத்தைக் காப்பாற்றுகிறவன். குடும்பத்தில் யாரைக் கொண்டு பிறந்தானோ தெரியவில்லை. விடுதிக்கு வந்ததும் ஜட்ஜ் அத்தானிடம் போய், "நோட்ட பாத்தோம்ப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அத்தான் இரண்டு முட்டியையும் மறந்து எழுந்து நின்றார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் மலையைப் பற்றிப் பேசுவதில்லை. கையெழுத்து இருந்த கூச்சமா, இல்லாத கூச்சமா, தெரியவில்லை.

அக்காவிடம் ஜட்ஜ் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காவது நாள் பேசினாள். பேசாமல் இருந்ததே தேவலை.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: கையெழுத்து இருந்தது. பச்சை மை. அத்தான் சொன்னது அத்தனையும் உண்மை. (இது நடந்திருந்தால் பட்டன் சத்தியத்தையெல்லாம் மீறிக் கத்திக்கொண்டு வந்திருப்பான்.)

முடிவு இரண்டு: இல்லை. ஜட்ஜ் நோட்டை மூடப் போனாள், பிறகு ஒரு பழைய பக்கத்தின் ஓரத்தில் அப்பாவின் பெயரைத் தானே எழு— (வேண்டாம். அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தவிரவும், ஒரே பயணத்தில் இரண்டு காப்பியா?)

முடிவு மூன்று: பெட்டி குளிரில் இறுகித் திறக்கவே இல்லை. மூன்று பேரும் அதன்மேல் உட்கார்ந்து சிரித்துவிட்டு வந்தார்கள்.

முன்பென்றால் முந்தைய கட்டத்தைப் பார்த்து இந்தக் கட்டத்தை நிரப்பியிருப்பேன். இப்போது காலியாகவே விடுகிறேன்:

[                    ]

நீங்கள் எழுதுங்கள். பேனா கலர் உங்கள் விருப்பம்.

இன்னொன்றும் தெரியாது. அன்றைக்கு மாமாவுக்கு மூளைக்குக் காற்று பற்றாமல் போனதா, இல்லை வெறும் சந்தோஷமா? போன வாரம் சமையலறை மேசையில் உட்கார்ந்து, தரைமட்டத்தில், பகல் வெளிச்சத்தில், நானே கழித்துப் பார்த்தேன். எழுபத்தொன்பது வரை போனேன். சிரிப்பு வந்துவிட்டது.

8

அவர்கள் உச்சிக்குக் கிளம்பியபோது நான் பார்த்த கடைசி விஷயம் இது.

"வெளிய பூட்டிட்டுப் போங்க" என்றார் குடில்காரர். "போன தடவ ஒரு ஆளு சிரிச்சுட்டே செருப்பில்லாமப் போயிட்டாரு. நான் அடுப்பப் பாப்பேனா, இவரப் பாப்பேனா?" அவரும் உள்ளேதான் இருக்கப்போகிறார். உள்ளிருந்து திறக்க அவரிடம் இன்னொரு சாவி இருந்தது, கால்சட்டைப் பையில். தவிரவும், அவர் சிரிக்கிற ஆள் இல்லை.

மாமா குனிந்து உள்ளே போனார். ஒரு பெஞ்சு, இரண்டு கம்பளி, மண்ணெண்ணெய் வாடை. மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். வாசல் நிறைய வெளிச்சம். வெளிச்சத்தில் பட்டன் நின்று, காலிப் பாக்கெட்டை ஆட்டி டாட்டா காட்டினான்.

"மாமா" என்றாள் ஜட்ஜ். "எண்பத்தாறு."

"என்ன?"

"தொண்ணூத்தி மூணுக்கு அப்புறம். எண்பத்தாறு. வர்றதுக்குள்ள மிச்சத்த நீங்களே கண்டுபிடிங்க."

மாமாவுக்குள் சிரிப்பு மறுபடியும் கொதித்துக்கொண்டு வந்தது. அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இறுகிப்போன சாவியைத் திருப்பக் கையுறை தோதுப்படவில்லை. வெறும் கையை விரித்துக் கதவை நோக்கி நீட்டினாள். கடைசியாகத் தெரிந்தது அந்த ஊதா எண்கள்தான். கதவு சாத்திக்கொண்டது. சாவி ஒரு சுற்று, இன்னொரு சுற்று.